64 ஒளியாண்டு தூரமும் 8 அடி ஆழமும்

2024 ஜூலை மாதத்தில் ஒருநாள் காலை, எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வானத்தில் 64 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோள் இருக்கிறதாம். எச்.டி. 189733பி என்று பெயர். அதன் காற்று மண்டலத்தில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி.

பக்கத்தில் என் மாமா இருந்தார். 22 வருசம் பாதாள சாக்கடையில் காண்ட்ராக்ட் கூலியாகக் கிடந்தவர். டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஏன் மாப்ள, அந்த நாத்தத்தப் பாக்க அம்மாந்தூரமா போனாங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா நம்ம தெரு மூடியத் தொறந்து காட்டியிருப்பேனே."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் அந்தச் செய்தியை எடுத்து வாயுவின் பெயரைப் பார்த்தேன். ஹைட்ரஜன் சல்பைடு. எங்க அக்கா வீட்டுக்காரரைக் கொன்ற அதே வாயு.

முதலில் அந்தத் தொலைநோக்கிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 'சோத்துக்கு வழியில்லாத நாட்டில் ராக்கெட் எதற்கு' என்று பேசும் ஆள் நான் இல்லை. ஒரு ஒளியாண்டு என்றால் ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். அதைப்போல 64 மடங்கு தூரத்தில், தன் சூரியனுக்கு முன்னால் அந்தக் கோள் குறுக்கே போகிறது. அப்போது சூரிய வெளிச்சத்தில் ஒரு துளி, கோளின் விளிம்பில் இருக்கும் காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு வாயுவும் வெளிச்சத்தில் தனக்கென்று சில அலைகளை மட்டும் விழுங்கும். எந்த அலை குறைகிறது என்று பார்த்து எந்த வாயு என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே யாரும் போகவில்லை. யாரும் மூக்கை நீட்டி முகர்ந்து பார்க்கவில்லை. யாரும் சாகவில்லை. மனித அறிவு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். அந்த அறிவில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் இங்கே, நம் காலுக்குக் கீழே என்ன நடக்கிறது?

இந்த வாயுவுக்கு ஒரு சூது உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 100 பங்கை எட்டினால் மூக்கின் உணர்வு செத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று மனுசன் நினைப்பான். போனது அவன் மூக்கு. 500, 700 என்று ஏறினால் மயங்கி விழுவான். 1000-ஐத் தொட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே கதை முடிந்துவிடும். காற்றைவிடக் கனமான வாயு, அதனால் குழியின் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். சேற்றைக் கழியால் கிளறினால் குபீரென்று கிளம்பும். மேலே நின்று முகர்ந்து பார்த்துவிட்டு 'ஒன்னுமில்ல, எறங்கு' என்று சொல்வது கொலை. மூக்கை நம்பக் கூடாத இடம் அது.

மாமா காலத்தில் என்ன கருவி இருந்தது? மூடியைத் திறந்ததும் கரப்பான் பூச்சி ஓடுகிறதா என்று பார்ப்பார்களாம். ஓடினால் காற்று இருக்கிறது. செத்துக் கிடந்தால் ஆபத்து. தீக்குச்சி கிழித்துப் போட்டும் பார்ப்பார்களாம். மீத்தேன் இருந்தால் அந்தக் குச்சியே எமன். "பூச்சிய நம்பித்தான் பொழப்பு ஓடுச்சு மாப்ள" என்கிறார். அவர் சொன்ன கணக்கில், கூட வேலை பார்த்தவர்களில் நாலு பேர் குழியிலேயே போய்விட்டார்கள்.

எங்க அக்கா வீட்டுக்காரர் செத்தது 2016-இல். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்க். 8 அடி ஆழம். லாரி உறிஞ்சியது போக அடியில் தங்கிய சேற்றை வாளியில் அள்ள இறக்கிவிட்டார்கள். ஏணியில் நாலு படி இறங்கினார், விழுந்தார். அவரைத் தூக்கப் போன இன்னொரு பையனும் விழுந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். காண்ட்ராக்டர் போலீசிடம் சொன்ன வாக்குமூலம் இது: "நான் எறங்கச் சொல்லல சார். குடிச்சிட்டு வந்து அவனா எறங்கிட்டான்." பிரேதப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்தது. இருந்தும் முதலில் எழுதப்பட்ட அறிக்கையில் 'தவறி விழுந்து' என்றுதான் இருந்தது. அதை மாற்ற எங்க அக்கா எத்தனை நாள் ஸ்டேசன் வாசலில் உட்கார்ந்தாள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

சரி, கருவியே இல்லையா? இருக்கிறது. 1815-லேயே ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தார். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். குருவி மயங்கினால் ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். 1986-இல் அந்தக் குருவிகளுக்கும் விடுதலை கொடுத்துவிட்டு மின்னணுக் கருவியை வைக்க முடிவெடுத்தார்கள். குருவிக்குக் கிடைத்த விடுதலை நம்ம ஆளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. இங்கே குருவியும் நாம்தான், ஆளும் நாம்தான்.

இன்று கைக்கு அடக்கமாக நாலு வாயு மானி கிடைக்கிறது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு என நாலையும் அளக்கும். விஷவாயு உள்ளே இருக்கும் சின்ன மின்வேதிக் கலத்தைத் தொட்டால் மெல்லிய மின்சாரம் பிறக்கும். அளவு மீறினால் மானி அதிரும், கத்தும், விளக்கு எரியும். கயிற்றில் கட்டி இறக்கினாலே போதும், மனுசன் இறங்க வேண்டியதில்லை. விலை ஒரு நல்ல செல்போன் விலைதான்.

சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்தின் விதிகளில் கொடுக்கவேண்டிய சாமான்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் நாலு வாயு மானியும் இருக்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. பணத்தை உயர்த்துகிறார்கள், பிணத்தைக் குறைக்கவில்லை. 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 377 பேர் செத்தார்கள் என்பது மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. கணக்கில் வராதவர்களை யார் எண்ணினார்கள்?

2018-இல் கேரளத்து இளைஞர்கள் மேன்ஹோலுக்குள் இறங்கும் எந்திரம் செய்து திருவனந்தபுரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஆக அறிவுக்குப் பஞ்சமில்லை. 64 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் வாயுவைக் கண்டுபிடிக்கும் உலகத்துக்கு 8 அடி கீழே இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? தெரியும். இறங்குகிறவன் யார் என்பதும் தெரியும். அதனால்தான் கருவி பட்டியலோடு நின்றுவிடுகிறது. செத்தால் அந்த இடத்துக்கு இன்னொருவனை அதே சேரியிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம். இந்தத் தைரியத்துக்குப் பெயர் சாதி.

மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் இன்னொரு வகை இருக்கிறது. இது மட்டும் நம்மைத் தேடி வரத் தவறுவதே இல்லை. பொய் கண்டறியும் கருவியைச் சொல்கிறேன்.

நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, தோலின் வியர்வை, இதைத்தான் அது அளக்கிறது. இவை எல்லாம் பொய் சொன்னாலும் ஏறும், பயந்தாலும் ஏறும். ஸ்டேசனுக்குள் கால் வைத்தாலே எங்கள் பையனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் அப்பனும் தாத்தனும் அங்கே வாங்கிய அடி அப்படி. பயத்தைக் காலங்காலமாக ஒருவன் உடம்பில் ஏற்றிவிட்டு, பிறகு அந்தப் பயத்தை அளந்து 'நீ பொய்யன்' என்று சொல்வது எந்த ஊர் விஞ்ஞானம்? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவே 2003-இல் ஆராய்ந்து பார்த்துவிட்டு, ஊழியர்களைச் சலித்தெடுக்க இந்தக் கருவியை நம்ப முடியாது என்று அறிக்கை கொடுத்தது. சம்மதம் இல்லாமல் பொய் கண்டறியும் சோதனையோ, மூளை வரைபடமோ, நார்கோ ஊசியோ கூடாது என்று 2010 மே மாதம் நம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சம்மதம் என்கிறார்கள். லத்திக்கு முன்னால் கேட்கப்படும் சம்மதத்தை எந்தக் கருவியால் சோதிப்பது?

வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தச் சேரி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. அதை எந்தக் கருவி கண்டுபிடித்தது? குழந்தைகளின் வயிறுதான் கண்டுபிடித்தது. பிள்ளைகள் காய்ச்சலும் வாந்தியுமாக விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அதன் பிறகு கருவிகள் வந்தன. 30-க்கும் மேற்பட்டவர்களிடம் மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். பொய் கண்டறியும் சோதனைக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது, குற்றவாளிகள் என்று எழுதப்பட்ட மூன்று பேரும் அதே தலித் மக்கள். வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரைச் சோதிக்க வராத விஞ்ஞானம், குடித்தவனின் ரத்தத்தைச் சோதிக்க மட்டும் ஓடோடி வருவது ஏன்?

இந்தக் கேள்வி பழசு. 1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். எந்த மானி தீட்டைக் காட்டியது? இல்லாத அழுக்கைக் கண்டுபிடிக்கும் திறமை இந்தச் சமூகத்துக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. இருக்கும் விஷத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதற்கு மனசு வருவதில்லை.

பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். 'அவனா எறங்கிட்டான்' என்ற காண்ட்ராக்டரைப் பாருங்கள். எங்க அக்கா வழக்கில் அவர் நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. 2021 ஜூலையில் மலம் அள்ளும் தொழிலால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னதே, அதைப் பாருங்கள். சாக்கடைச் சாவு வேறு, மலம் அள்ளும் சாவு வேறு என்று பெயரைப் பிரித்துவிட்டால் பிணம் மறைந்துவிடுமா? இதைக் கண்டுபிடிக்க வயரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பதிவேட்டைத் திறந்தால் போதும்.

தோழர்களே, எந்திரத்துக்குச் சாதி கிடையாது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்கிறவனுக்குச் சாதி இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும். மூடி திறக்கும் முன் மானியை இறக்கி அளவெடுத்து, தேதி நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். அளவு எழுதாத வேலைக்கு நகராட்சி பில் போடக் கூடாது. மானி கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று வேலைக்கு முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். அளவு சரியாக இருக்கிறது என்பதைச் சாக்காக வைத்து ஆளை இறக்குவதும் கூடாது. முதலில் எந்திரம், எந்திரம் போக முடியாத இடத்தில் முழுப் பாதுகாப்பு. எந்திரத்தை ஓட்டும் வேலையும் சம்பளமும் இதுவரை குழியில் இறங்கியவர்களுக்கே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மானி காண்ட்ராக்டர் பையில் இருக்கக் கூடாது. தொழிலாளி கையில் இருக்க வேண்டும்.

போன வருசம் எங்கள் பகுதியில் வீட்டுக்கு நூறு, ஐம்பது என்று பிரித்து ஒரு மானி வாங்கினோம். மாமாவுக்கு எண்களைப் படிக்கத் தெரியும், இங்கிலீசு தெரியாது. அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டார். இப்போது பையன்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். "மீட்டர் கத்துனா மூடியப் போட்டு மூடிட்டு வீட்டுக்கு வா. மேஸ்திரி கத்துனா கத்திட்டுப் போறான், விடு."