ஒரு பட்டப்பெயரும் ஒரு தேர்வும்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடும். மலையைத் தாண்டி வரும் காற்று தெருவெங்கும் சாரலைத் தூவும். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும், எங்கள் மதரஸாப் பிள்ளைகள் ஓதுவதற்கு அமரும்போதே கேட்பார்கள்: "ஹஜ்ரத், எப்போ போறோம்?"

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் சிறுவர்கள். அருவியைக் கண்டதும் ஆர்ப்பரித்து ஓடினார்கள். ஒருவன் மட்டும் உலர்ந்த சட்டையோடு படியில் அமர்ந்திருந்தான். எட்டாம் வகுப்பு மாணவன். ஏன் குளிக்கவில்லை என்று கேட்டேன். "தலை வலிக்குது, ஹஜ்ரத்" என்றான். நானும் நம்பித் திரும்பினேன்.

அப்போது அருவிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "டேய் டியூப்லைட்! தண்ணி பட்டா ஃபியூஸ் போயிருமாடா?" கூடவே பெரும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொள்ள இருந்தேன். அதற்குள் ஒன்று நினைவுக்கு வந்து என்னை நிறுத்தியது. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவனே நான்தான்.

அவன் எதையும் சற்று யோசித்துப் பதில் சொல்லும் பிள்ளை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நான் கேட்ட கேள்விக்கு அவன் தயங்கி நின்றபோது, "என்னப்பா, டியூப்லைட் மாதிரி விட்டு விட்டு எரியிறே?" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அன்றே அதை மறந்துவிட்டேன். பிள்ளைகள் மறக்கவில்லை. மதரஸாவில் பிறந்த அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, தெருவுக்குப் போயிற்று, ஐந்தருவிக்கும் எங்களோடு வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவனுடைய தாயார் மதரஸா வாசலில் வந்து நின்றார். பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துபவர். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்துல உதவித்தொகைப் பரீட்சைக்குத் தனி வகுப்பு வைக்கிறாங்க. இவன் போக மாட்டேன்னு நிக்கிறான். அந்தப் பணம் கிடைச்சா பன்னிரண்டாவது வரைக்கும் இவன் படிப்பைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு நினைச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

அவர் குறிப்பிட்ட தேர்வைப் பற்றி அறியாத பெற்றோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஆகவே அதைச் சற்று விளக்கிவிடுகிறேன். தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் திட்டம் மத்திய அரசால் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பள்ளிகளில் இதை என்.எம்.எம்.எஸ். தேர்வு என்பார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேர்வு பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டால் தொகை நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் இடங்கள். தமிழகத்தின் பங்கு 6,695. தகுதி மதிப்பெண் பெற்றவர் எல்லோருக்கும் தொகை கிடைத்துவிடாது. இடங்களுக்கு வரம்பு உண்டு. சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2022ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட பின், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தேர்வின் அருமை இன்னும் கூடியிருக்கிறது.

தேர்வு இரண்டு தாள்களைக் கொண்டது. ஒன்று மனத்திறன் தேர்வு. மற்றொன்று படிப்பறிவுத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். அதாவது வினாவுக்கு ஒரு நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20 வினாக்கள். மனத்திறன் தாளில் எண் தொடர், எழுத்துத் தொடர், உருவ ஒப்புமை, குறியீட்டுப் புதிர் போன்றவை வரும். இவற்றை மனப்பாடம் செய்து எழுத முடியாது. நாள்தோறும் இருபது நிமிடம் பழைய வினாத்தாளை வைத்துப் பழகினால் கை தானாக வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்த வினாவையும் விடையின்றி விடக்கூடாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்லும். வருமானச் சான்றிதழைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

இவையெல்லாம் தாளில் எழுதித் தரக்கூடிய குறிப்புகள். அந்த மாணவனின் தடை இவற்றில் எதிலும் இல்லை. மனத்திறன் வினாக்களைப் பழகும் பிள்ளை பத்து முறை தவறு செய்தே பதினொன்றாம் முறை சரியாகச் செய்கிறது. "எனக்குப் புரியவில்லை" என்று கேட்கத் துணிந்தால்தான் புரியும். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று அஞ்சும் பிள்ளை சந்தேகம் கேட்காது. கேட்காத பிள்ளைக்கு எந்தத் தனி வகுப்பும் பயன்படாது. அவனைப் பள்ளித் தனி வகுப்பில் கையைத் தூக்கவிடாமல் தடுத்தது என் சொல்தான்.

"பிள்ளைகள் கேலி பேசுவது இயல்புதானே, நாமெல்லாம் படிக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்திலேயே நடந்த இரண்டு செய்திகளை நினைத்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களின் சாதிச் சீண்டலைத் தாங்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். காரணத்தைப் பள்ளியில் சொன்ன பின், சிலர் இரவில் அவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அந்த மாணவர் பல மாதச் சிகிச்சைக்கு நடுவே படித்து, 2024 மே மாதம் வெளியான தேர்வு முடிவில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். நிகழ்ச்சியை அடுத்து அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, பள்ளிகளில் சாதிப் பிளவைத் தடுக்கும் வழிகள் பற்றி 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்புத் தோழனையே அரிவாளால் தாக்கினான். தடுக்க முயன்ற ஆசிரியையும் காயமடைந்தார். பென்சில் குறித்து எழுந்த சிறு தகராறே தொடக்கம் என்று செய்திகள் கூறின.

உங்களை அச்சுறுத்துவதற்காக இவற்றை எழுதவில்லை. எல்லாக் கேலியும் அரிவாளில் முடிவதில்லை. ஆனால் முதல் நிகழ்ச்சியில் அந்த மாணவர் பள்ளிக்குப் போகாமல் நின்றதே முதல் அறிகுறி. அந்த அறிகுறி பல வீடுகளில் நாள்தோறும் தோன்றுகிறது. நாம்தான் அதைச் சோம்பல் என்று பெயரிட்டு அதட்டி அனுப்புகிறோம்.

காரணமில்லாமல் தலைவலி, வயிற்றுவலி. திங்கட்கிழமை காலையில் அழுகை. பேனாவும் பென்சிலும் அடிக்கடி காணாமற்போதல். சட்டைப் பொத்தான் அறுந்து வருதல். வழக்கமான தெருவை விட்டுச் சுற்று வழியில் வருதல். நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் திடீரெனச் சரிதல். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அருகில் உட்காருங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள், அது விசாரணையாகிவிடும். "திருப்பி அடித்துவிட்டு வா" என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு அவன் கையிலும் ஒரு கல் இருக்கும். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேளுங்கள். யார், எங்கே, எந்த நாள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

அந்தத் தாளோடு வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். யார் புகார் சொன்னது என்பது மற்ற மாணவர்களுக்குத் தெரியாதபடி விசாரிக்குமாறு தெளிவாகக் கேளுங்கள். மாலையில் அந்தப் பையனின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தமிட வேண்டாம். பிள்ளைச் சண்டை தெருச் சண்டையாகி, தெருச் சண்டை சமூகச் சண்டையாகும் ஊர்கள் நம்முடையவை. வகுப்பாசிரியரிடம் தீர்வு கிடைக்காவிட்டால் தலைமை ஆசிரியர் இருக்கிறார். அரசுப் பள்ளிகளில் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. இவ்விரண்டையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

சீண்டுகிறவன் நம் பிள்ளையாகவும் இருக்கலாம். பள்ளியிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால், "என் மகன் அப்படிப்பட்டவன் அல்ல" என்று உடனே எழுந்துவிடாதீர்கள். அவன் அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தான் என்று பாருங்கள். நிறத்தையும் உடலையும் தொழிலையும் வைத்து வீட்டுக் கூடத்தில் நாம் பேசும் பேச்சுதான் பள்ளி மைதானத்தில் அவன் வாயிலிருந்து வருகிறது.

சாதனையாளர்களைக்கூட நாம் சில நேரம் இப்படித்தான் பயன்படுத்துகிறோம். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அவர்களை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. ஊரிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா எல் 1 திட்டத்தின் இயக்குநர் அவர். 2024 ஜனவரி 6ஆம் நாள் அந்த விண்கலம் தனக்குரிய இடத்தை அடைந்தபோது செங்கோட்டை மட்டுமன்றித் தென்காசியும் கடையநல்லூரும் பெருமைப்பட்டன. அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பள்ளியிலிருந்தும் இவ்வளவு தொலைவு போகலாம் என்று சொல்லுங்கள். "அவரும் இந்த ஊர்தான், நீயும் இந்த ஊர்தான், நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டால், விளக்காக இருக்க வேண்டியவரைப் பிரம்பாக்கிவிடுகிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். திருக்குர்ஆனில் அல்ஹுஜுராத் என்னும் 49ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடை செய்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அந்த எச்சரிக்கை கூறப்பட்டிருக்கிறது. அந்த வசனத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். அந்தத் தாயார் வந்து போன இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை எல்லாப் பிள்ளைகளும் வந்த பின் எழுந்து நின்று சொன்னேன்: "அவனுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தது நான். அது தவறு. எல்லோர் முன்னாலும் வைத்தேன். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி இந்த அறையில் யாருக்கும் பெற்றோர் வைத்த பெயரைத் தவிர வேறு பெயர் கிடையாது." அறை அமைதியாக இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி நேரவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. மூன்று வாரம் கழித்தே அவன் பள்ளித் தனி வகுப்புக்குத் திரும்பிப் போனான். நான் வரலாறு படித்த பட்டதாரி. ஓதி முடிந்த பின் அவனுக்கும் வேறு நால்வருக்கும் அரை மணி நேரம் சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்தேன். யோசித்துப் பதில் சொல்லும் அவன் வழக்கம் மாறவில்லை. ஆனால் யோசித்த பின் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான்.

தேர்வு எழுதினான். முடிவு வந்தபோது பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஐவரில் ஒருவனுக்கே இடம் கிடைத்தது. அவனுடைய தாயாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே வந்தார். "பரவாயில்லை, ஹஜ்ரத். பட்டியலைப் பார்த்துட்டு வந்து அவனே எங்கிட்ட சொன்னான். மறைக்கல, அழல. அடுத்து ஒன்பதாம் வகுப்புல என்ன பரீட்சை இருக்குன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னான்" என்றார்.

அடுத்த சாரலில் மீண்டும் ஐந்தருவிக்குப் போனோம். அவனை அருவியிலிருந்து வெளியே கூப்பிட நான் நான்கு முறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவனுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

அன்புப் பெற்றோர்களே! இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" பதில் வர நேரமானால் காத்திருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.