பச்சையைக் காணோம்
70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அரியூர் நாடு என்னும் மலைக்கிராமத்துக்குப் போயிருந்தபோது, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களைப் பார்த்த ஒரு திண்ணையில் அமர்ந்து கைப்பேசிக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்த இளைஞன் ஒருவனைக் கண்டேன்; செயலிகளின் சின்னங்கள் யாவற்றையும் காப்பிக்கொட்டை வர்ணத்துக்கு மாற்றி, வட்டமும் கோடும் ஒன்றுக்கொன்று இசைய அவன் அடுக்கியிருந்த நேர்த்தியை மெச்சாமலிருக்க என்னால் இயலவில்லை. 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினிக்காகக் கட்டம் போட்ட காகிதத்தில், நெடுக்கில் 32, குறுக்கில் 32 என்று கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிச் சின்னங்களை வரைந்த சூசன் கேர் அம்மையாருக்கு, நிறமென்பதே இல்லாத அந்தத் திரையில் வடிவ பேதம் ஒன்றே துணையாயிருந்தது. நம் காலத்துப் பிள்ளைகளுக்கோ நிறம் தாராளமாகக் கிடைத்தும், அந்தப் பேதத்தை அழிப்பதில்தான் பரம சந்தோஷம். இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கையில், எழுத்தறியாத அவன் ஆயா, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகளோடு பேசுவதற்காக அதே கைப்பேசியை வாங்கினாள். அவள் விரல் திரைக்குமேல் வெகுநேரம் தயங்கி நின்றது. "பச்சையைக் காணோமே, சாமி!" என்றாள். வாட்ஸ்அப் என்னும் நாமதேயம் அவள் அறியாதது; அவளுக்கு அது பச்சை, அவ்வளவே. பையன் சிரித்தபடி அந்த ஒரு சின்னத்தை மட்டும் பழைய நிறத்துக்கே திருப்பிக் கொடுத்தான். அதனால் அழகு கெட்டுவிட்டதென்பது அவனுடைய அபிப்பிராயம், என்னுடையது அதுவன்று.