வீட்டு நாய்தானே என்று விட்டுவிடலாமா?

தெருநாய்களைக் காப்பகத்தில் அடைப்பதா, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதா என்ற வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் நாடே கவனிக்கும் விவாதமானது. அந்த விவாதம் தேவையானதுதான். ஆனால், நம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இந்த ஆண்டு ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்ற கேள்வி அதில் காணாமல் போய்விட்டது.

ரேபிஸ் நோயால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதர்களுக்கு அது பரவுவது நூற்றுக்கு 99 பங்கு நாய்களால்தான். அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. அதே நேரத்தில், தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயும் இதுவே. லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907லேயே வந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் ரேபிஸ் சாவு நேர்ந்தால், அதற்கு அலட்சியம் என்றுதான் பெயர்.

வீட்டுப் பிராணியிடம் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. தெருநாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நாம் வளர்க்கும் குட்டியின் பல் பட்டால், ‘விளையாட்டுக்குக் கடித்தது’ என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடுகிறோம். அந்தக் குட்டி முந்தைய மாதம் வாசலில் வேறொரு நாயிடம் கடிபட்டிருக்கலாம். ரோமத்துக்குள் இருந்த காயம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கிருமி எச்சிலில் வந்துவிடும். நாம் மடியில் வைத்துக் கொஞ்சுவதும் அந்த நாட்களில்தான். உலக அளவில், ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள்.

பூனையின் கதை இன்னும் மோசம். பால் வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், ஊசி மட்டும் போடுவதில்லை. இரவெல்லாம் மதில் மேல் சுற்றிவிட்டு விடியற்காலையில் பிள்ளைகளின் பாயில் வந்து படுக்கும் பூனைக்கும் ரேபிஸ் வரும். அதனிடமிருந்து மனிதருக்கும் வரும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தொடங்குகிறது. தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ‘ஒன்று போட்டாயிற்று, போதும்’ என்று நிறுத்துவது போட்டதையும் வீணாக்குவது.

அரசுக்கும் கடமை உண்டு. உலக விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6, உலக ரேபிஸ் நாளான செப்டம்பர் 28 ஆகியவற்றையொட்டி இலவச முகாம்கள் நடக்கின்றன. ஆனால், அக்டோபரில் மூன்று மாதம் நிரம்பும் குட்டி அடுத்த ஜூலை வரை காத்திருக்க முடியாது. கால்நடை மருந்தகங்களில் ஆண்டு முழுவதும் இலவசமாக ரேபிஸ் ஊசி கிடைக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். இந்த முறை எல்லா நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் வர வேண்டும். பூனைகளையும் சேர்க்க வேண்டும். ஊசி எட்டும் இடத்தில் இலவசமாகக் கிடைத்த பிறகும் போடாதவர்களுக்கு அபராதம் விதிப்பதில் தவறில்லை.

நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவலின் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருநாய்க்கு ஊசி போடுவது அரசின் வேலை. வீட்டில் வளரும் பிராணிக்குப் போடுவது வளர்ப்பவரின் பொறுப்பு. உங்கள் நாயின், பூனையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் நாளையே மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.