இ20 பெட்ரோலில் மைலேஜ் ஏன் குறையுது? வண்டிக்குள்ள இருக்கிற சிப்புக்கும் இதுல பங்கு இருக்கு!

"வண்டி முன்ன மாதிரி மைலேஜ் தரலையே..." 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்ப சரிசெய்த கார்களில் 1 முதல் 2%, மற்ற வண்டிகளில் 3 முதல் 6% வரை மைலேஜ் குறையலாம் என 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது.

ஒரே பெட்ரோல்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இதுதான் முதல் காரணம். ஆனால் எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். சீக்கிரத்தில் நாக்கிங் வராது. அதனால், நாக்கிங்குக்கு பயந்து தள்ளிப்போட்ட ஸ்பார்க்கை கொஞ்சம் முன்னாடியே கொடுத்து, இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம்.

அந்த நேரத்தை முடிவு செய்வது இசியு-வில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர். கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் சக்கரத்தின் பற்களை சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 58 தான் இருக்கும். அந்த இடைவெளி வந்ததும் பிஸ்டன் எங்கே இருக்குன்னு சிப்புக்குத் தெரிஞ்சிடும். வேகம், லோடு இரண்டையும் பார்த்து, பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் வேண்டும் என்று மெமரியில் உள்ள அட்டவணையிலிருந்து எடுக்கும். 6,000 ஆர்பிஎம்-ல் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட்தான். ஒரு டிகிரிக்கு வெறும் 28 மைக்ரோ செகண்ட்!

சிக்கல் அந்த அட்டவணையில்தான். அது வண்டி தயாரான காலத்துப் பெட்ரோலுக்கு எழுதியது. நாக்கிங் வந்தால் சென்சார் சொல்லி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். அட்டவணையைத் தாண்டி முன்னே கொண்டுபோவது பெரும்பாலும் நடக்காது. பழைய கார்புரேட்டர் பைக்கில் நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள சிடிஐ பெட்டிக்கு பெட்ரோல் மாறியதே தெரியாது.

'ரீமேப் பண்ணித் தர்றோம்' என்று வெளியே கடைகள் இருக்கு. ஸ்பார்க்கை அளவு மீறி முன்னே தள்ளினால் பிஸ்டனே பழுதாகலாம், வாரண்டிக்கும் சிக்கல்.

சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள், கேஸ்கட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறது அரசு. அது கசிவைத் தடுக்கும், அட்டவணையை மாற்றாது. அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, "என் மாடலுக்கு இ20 சாப்ட்வேர் அப்டேட் இருக்கா?"ன்னு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்க.