பழைய துவக்குக்கு வேகம் எதற்கு?

துவக்கு என்றதும் எங்கட சனத்துக்கு இரண்டு விஷயம்தான் நினைவுக்கு வரும். ஒன்று பயம், மற்றது வீரக்கதை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் துவக்கை ஒரு இயந்திரமாகப் பார்த்து, நிறுத்து, அளந்து கதைக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளே ஓயாமல் நடக்கிற ஒரு வாக்குவாதத்தில் நாங்கள் எந்தப் பக்கம் என்பதை இங்கே சொல்லப் போகிறோம்.

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் அனுமதிப்பத்திரம் எடுத்து இலக்குச் சூடு பழகும் கனபேர், நூறு வருஷப் பழைய ராணுவ ரைபிள்களை வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குரிய ரவையைத் தாங்களே தயாரிக்கிறார்கள். சுட்டு முடிந்த வெற்றுக்கோதை எடுத்துச் சீராக்கி, புதுப் பிறைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தைப் பொருத்துவார்கள். எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்பதில்தான் சண்டை. புத்தகத்தில் போட்டிருக்கிற ஆகக்கூடிய அளவு வரைக்கும் போனால்தான் துவக்கு 'உயிர் பெறும்' என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது பிழை என்பது எங்கட நிலைப்பாடு. பழைய துவக்குக்கு வேண்டியது வேகம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற மருந்து.

இதை விளங்கிக்கொள்ள, எங்கட பக்கத்திலும் பொலிஸின் கைகளில் கனகாலம் இருந்த 303 ஐயே எடுத்துப் பார்ப்பம். 1888 இல் பிரித்தானிய ராணுவம் லீ மெட்ஃபோர்ட் ரைபிளை ஏற்றுக்கொண்டபோது, அதன் ரவைக்குள் இருந்தது வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த பழைய கரிமருந்து. சில வருஷத்துக்குள் கோர்டைற் வந்தது. நைற்றோகிளிசரின் 58 வீதம், வெடிபஞ்சு 37 வீதம், மிச்சம் 5 வீதம் வஸ்லின். இடியப்பச் சிக்கல் மாதிரி இழை இழையாக இருக்கும். புகை குறைந்தது, ஆனால் சூடு கூடியது. மெட்ஃபோர்ட் குழலின் ஆழமில்லாத புரிகளை அந்தச் சூடு அரித்துவிட்டது. கடைசியில் 1895 இல் குழலையே மாற்றி, ஆழமான ஐந்து தவாளிப்புகள் கொண்ட என்பீல்ட் புரியைப் போட்டார்கள். லீ என்பீல்ட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதுவும் காணாமல், 1901 இல் மருந்தை மாற்றி நைற்றோகிளிசரினை 30 வீதத்துக்கு இறக்கினார்கள். இந்தக் கோர்டைற்றைச் செய்வதற்காகத்தான் நீலகிரியின் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்தது.

இந்தக் கதையில் ஒரு விஷயம் தெளிவு. மருந்து மாறினால் துவக்கும் மாறவேண்டி வந்தது. இன்றைக்கு அந்தப் பழைய துவக்கை யாரும் மாற்றி வடிவமைக்கப் போவதில்லை. அதனால் துவக்குக்கு ஏற்ற மாதிரி மருந்துதான் இறங்கி வரவேண்டும்.

அந்தத் துவக்கு எதற்குச் செய்யப்பட்டது என்பதும் ஒளிவுமறைவு இல்லை. 1910 இல் வந்த மார்க் 7 ரவையின் சன்னம் 174 கிறெயின், அதாவது கிட்டத்தட்ட 11.3 கிறாம். வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2440 அடி. அதற்குப் பிறகு வந்த லீ என்பீல்ட்களின் குறிகாட்டியில் இருக்கிற தூர அளவுகள் இந்த வேகத்தை வைத்துத்தான் வெட்டப்பட்டன. வேகத்தைக் கூட்டினால் அந்த அளவுகளே பொய்யாகிப் போகும். பிறகு அழுத்தம். இன்றைய 308 ரவைக்கு அமெரிக்கத் தர அமைப்பு விதித்த எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். 303 க்கு 49,000 தான். லீ என்பீல்டின் போல்ற், முன்னால் இல்லாமல் பின்பக்கத்தில் பூட்டுகிறது. சுடும்போது உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கோதும் சேர்ந்து நீளும். போர்க்காலத் துவக்குகளின் ரவை அறை, சேறு பட்ட ரவையும் உள்ளே போகவேண்டும் என்று தாராளமாகக் கடையப்பட்டது. அதற்குள் ஆகக்கூடிய மருந்தைப் போட்டு, அதே கோதைத் திரும்பத் திரும்பப் பாவித்தால், ஒரு நாள் கோது அடிப்பகுதியில் பிரிந்து வரும். அது நடப்பது சுடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அனுபவசாலிகள் கோதின் கழுத்தை மட்டும் இறுக்கி, ஒரு துவக்கின் கோதை அதே துவக்குக்கே வைத்திருப்பது இதனால்தான்.

சரி, எந்த மருந்து? மிக வேகமாக எரிவது அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றிவிடும். மிக மெதுவாக எரிவது முழுதாக எரியாமல் வேகத்தை ஆளுக்கொரு மாதிரி ஆக்கும். 303 க்கு நடுத்தரமாக எரிகிற ஐஎம்ஆர் 4895, எச் 4895, வார்கெற், விற்றாவூரி என்140 போன்றவை பொருந்தும். இவை கோதைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். அதில் இரண்டு நன்மை. கோதுக்குள் மருந்து அங்கும் இங்கும் உருளாது. தவறுதலாக இரண்டு தரம் போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கட தெரிவு எச் 4895. அதை ஆகக்கூடிய அளவின் 60 வீதம் வரை குறைத்துப் பாவிக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மெதுவாக எரிகிற மருந்துகளை இப்படிக் குறைப்பது ஆபத்து. இன்னொன்றையும் கவனியுங்கோ: ஐஎம்ஆர் 4895, எச் 4895 இரண்டிலும் இலக்கம் ஒன்று, மருந்து வேறு. ஒன்றின் அட்டவணையை மற்றதுக்குப் பாவிக்கக் கூடாது.

மருந்துக்கு முதல் குழலை அளக்கவேண்டும் என்பதை வேகப் பிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். போர்க்காலக் குழல்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மெல்லிய ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள்ளால் தள்ளி எடுத்து அளந்தால் உண்மை தெரியும். தேய்ந்த குழலுக்கு, பின்பக்கம் ஒடுங்கிய சன்னத்தை விடத் தட்டையான அடி உள்ள சன்னம் நன்றாக அடைத்துக்கொள்ளும். சன்னம் குழலுக்குப் பொருந்தாவிட்டால் எந்த மருந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

அடுத்தது அளவை. புத்தகத்தின் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறிது சிறிதாக ஏற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். இங்கேதான் பெரிய பித்தலாட்டம் நடக்கிறது. மூன்று சூடு சுட்டு, மூன்று துளையும் ஒட்டி விழுந்தால், 'இதுதான் என்ர துவக்கின்ர மருந்து' என்று படம் போடுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரே துவக்கு, ஒரே ரவை. ஒன்றுமே மாறாமல் 10 சூடு சுட்டால் துளைகளின் பரவல், சராசரியாக 3 சூட்டின் பரவலை விட ஏறக்குறைய 1.6 மடங்கு பெரிதாக இருக்கும். ஆகவே மூன்று துளைப் படம் காட்டுவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான். மருந்தை மாற்றினால் 'திருந்திவிட்டது' என்று நம்புகிற கனபேர் ஒன்றையும் திருத்தவில்லை. சின்னக் கணக்கில் சின்னப் பொய் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் இலங்கையில் இருக்கிற எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச்சட்டம் இன்னும் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு எங்களுக்கு இல்லை, வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் கைக்கணக்கில் மருந்து அடைத்த கட்டுத்துவக்கு எங்கட காட்டோரங்களில் இன்னும் கிடக்கிறது. பன்றிக்கு வைத்ததில் மனிசரின் கால் போகிறது. அளக்காத மருந்து என்ன செய்யும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதோடு, துவக்கைச் சுற்றி நாங்கள் கேட்டு வளர்ந்த கதைகள் எல்லாம் பெரிய கதைகள். பெரிய வேகம், பெரிய குறி, ஒரே சூடு. நிறுத்தும் அளந்தும் பார்க்கிறவர் முன்னால் அந்தக் கதைகள் நிற்காது. அவருக்கு அந்தத் துவக்கு ஒரு மரத்துண்டும் இரும்பும், எல்லை உள்ள ஒரு பழைய இயந்திரம். அதைப் பார்த்து வணங்கவும் தேவையில்லை, நடுங்கவும் தேவையில்லை. துவக்கை மட்டும் இல்லை, எங்களுக்கு முன்னால் வைக்கப்படுகிற எந்தப் பெருமையையும் இப்படிப் பார்க்கப் பழகலாம் என்று நினைக்கிறோம். யாராவது மூன்று துளையைக் காட்டிப் பெருமைப்பட்டால், மிச்ச ஏழு எங்கே விழுந்தது எண்டு கேளுங்கோ.