லேப்டாப்பைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

எங்க வீட்டுப் பரண்ல இலவச லேப்டாப் ஒண்ணு கிடந்தது. 2011 செப்டம்பர்ல ஜெயலலிதா தொடங்கி வச்ச திட்டத்துல, பிளஸ் டூ படிக்கும்போது என் மகளுக்குக் கிடைச்சது. பழசுன்னு போட்டுட்டுப் போக மனசு வரல. அதுக்குள்ள எங்க அப்பா குரல் இருக்கு. சாகறதுக்கு முந்தின வருஷம், ஏரித் தண்ணி எந்த மடைக்கு முதல்ல, யாருக்கு எந்த நாள் முறைன்னு அவர் சொல்லச் சொல்ல மகள் பதிவு பண்ணி வச்சிருந்தா. வேற காப்பி எடுக்கல. அது எங்க தப்புதான்.

மூணு வருஷமா பெட்டி திறக்கல. விண்டோஸ் வர்ற மாதிரி வந்து கருப்பாகி நின்னுடும். பக்கத்து டவுன்ல ஒரு கடையில காட்டினேன். "ஃபார்மேட் பண்ணணும், உள்ள இருக்கிறது போயிடும். பேசாம புதுசு வாங்கிடுங்க"ன்னாங்க.

போன மாசம் சிட்லபாக்கத்துல தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். (அதுவும் ஒரு காலத்துல ஏரிப் பாசன ஊருதான். இப்ப வயல் எல்லாம் தெருவாயிடுச்சு.) தங்கச்சி மகன் பெட்டியை ஆன் பண்ணி, எஃப்2 கட்டையைத் தட்டிக்கிட்டே இருந்தான். விண்டோஸ் வரல, செட்டப் திரை வந்தது. பயாஸ்ங்கறாங்களே, அது. அதுல பூட்னு ஒரு பக்கம். பெட்டி உயிர் வந்ததும் எதை முதல்ல தேடணும்னு அங்க வரிசை இருக்கு. ஹார்ட் டிஸ்க் முதல்ல, யூஎஸ்பி கடைசியில. அந்த யூஎஸ்பி பூட்டும் மூடியே இருந்தது.

"மாமா, உங்க முறைப் பாசனம் மாதிரிதான். கடைமடையை முதல்ல திறக்கறோம்"னு சொல்லி, யூஎஸ்பியைத் திறந்து மேல ஏத்தினான். எஃப்10 தட்டி சேமிச்சான். லினக்ஸ் போட்ட பென் டிரைவைச் சொருகினான். முதல் தடவை வரல. பென் டிரைவ் புது முறைக்கு எழுதினது, நம்ம பெட்டி பழைய முறை. மாத்தி எழுதிக்கிட்டு வந்தான், வந்துடுச்சு. லினக்ஸ் பென் டிரைவ்லேருந்தே ஓடுது, ஹார்ட் டிஸ்க்ல எதையும் அழிக்கல. உள்ள போய்ப் பார்த்தா ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு. அப்பா இருமிட்டு, "ஓடுதா அது?"ன்னு கேக்கறார்.

கடைக்காரர் மேல எனக்குப் பெரிய கோவம் இல்ல. பெட்டியைக் கொடுத்த காலத்துலயே பிள்ளைங்களுக்கு இந்தத் திரையைக் காட்டியிருக்கணும்ங்கறதுதான் என் ஆதங்கம். அந்த லேப்டாப்லயே விண்டோஸோட சி-டாக் பண்ணின பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. எங்க வீட்டுல அதை ஒருத்தரும் திறந்து பார்த்ததில்ல. பம்பு செட் வாங்கறவனுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கத் தெரியலேன்னா சிரிப்போம். லேப்டாப்புன்னா மட்டும் கை நடுங்குது.

"கண்டதை மாத்தினா கெட்டுடும்"னு பயமுறுத்துவாங்க. பூட் வரிசையை மாத்தறதால ஒரு ஃபைலும் அழியாது. தப்பாப் போனா பழையபடி ஆக்கிக்க அங்கயே வழி இருக்கு. ஆனா ஹார்ட் டிஸ்க் போர்ட்டுக்குனு சாட்டா மோடுன்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடாதீங்க. மாத்தினா நல்லா இருக்கிற விண்டோஸே ஏறாம நிக்கும். மாத்தறதுக்கு முன்னாடி திரையை செல்போன்ல படம் எடுத்துக்கறது நல்லது.

இன்னொண்ணு. வேலை முடிஞ்சா மடையை அடைச்சிடணும். நாம திறந்த மாதிரி திருடனும் திறப்பான். ஹார்ட் டிஸ்க்கை முதல்ல வச்சு, யூஎஸ்பி பூட்டை மூடி, செட்டப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டான். டிஸ்க்கையே கழட்டிட்டா இந்தப் பூட்டு உதவாது, ஆனாலும் போடணும். பாஸ்வேர்டை நோட்டுல எழுதுங்க. மறந்தா பெரிய தலைவலி. அவன் ஆபீஸ் லேப்டாப்புல யூஎஸ்பி போர்ட் எல்லாத்தையும் மூடி வச்சிருக்காங்கன்னு குறைப்பட்டான். அது கம்பெனி பெட்டி, சாவி அவங்க கையில இருக்கலாம். நம்ம பெட்டிக்கு நம்ம கையில இருக்கணும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. நகரத்துல எத்தனையோ நல்ல பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதுல ஒண்ணு உங்களுதா இருந்தா, போடறதுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவ் சொருகிப் பாருங்க.

எங்க தெருவுல இப்ப மூணு வீட்டுல பரண்லேருந்து லேப்டாப்பை இறக்கி வச்சிருக்காங்க. தங்கச்சி மகன் பொங்கலுக்கு வர்றான்.