வரவும் செலவும்: அரபுக் கடற்கரையில் அறுபது திர்ஹம் விருந்து



மாதந்தோறும் வீட்டுக் கணக்கைப் பற்றி எழுதிவரும் நான், இம்முறை கடல் கடந்த ஒரு சாப்பாட்டுக் கணக்கை எழுத நேர்ந்தது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையேனும் வளைகுடா நாட்டில் இருக்கிறான். என் தம்பியும் ஆறு ஆண்டுகளாகத் துபாயில் பணிபுரிகிறான். ரயில்வே குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் பாஸ் கடலைத் தாண்டாது. ஆகவே இரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, சென்ற ஜனவரியில் அவனைக் காணச் சென்றேன்.

போய் இறங்கிய மறுநாள் மாலை, தம்பி என்னைக் கடலோர உணவு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றான். "அண்ணா, இந்நாட்டு மீனை நீங்கள் சாப்பிட்டே ஆக வேண்டும்" என்றான். விலைப்பட்டியலைப் பார்த்தேன். ஹமூர், அதாவது நம் களவா மீன், ஒரு தட்டு 95 திர்ஹம். ஒரு திர்ஹம் நம் பணத்தில் 20 ரூபாய்க்கு மேல். கணக்கெழுதிப் பழகிய மனம் தானே பெருக்கிப் பார்த்தது.

"நீ இதற்குமுன் இங்கு வந்ததுண்டா?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான். பிறகு, இவ்விருந்துக்காக அறைத் தோழரிடம் 300 திர்ஹம் கைமாற்று வாங்கியதை மெல்ல ஒப்புக்கொண்டான். ஆறு ஆண்டுகளில் அந்நாட்டார் உண்ணும் உணவை அவன் ஒரு நாளும் உண்டதில்லை. சோறும் பருப்பும் முட்டையுமே அவன் ஆகாரம். மாதம் தவறாமல் ஊருக்கு வந்த பணத்தின் மறுபக்கம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆளுக்கொரு தேநீர் அருந்தி எழுந்தோம்.

அடுத்த நாள் மாலை, தேராவில் உள்ள வாட்டர்ஃபிரன்ட் மார்க்கெட்டுக்குச் சென்றோம். பழைய தேரா மீன் சந்தைக்கு மாற்றாக 2017இல் திறக்கப்பட்டது இது. ஹமூரும், கனாத் எனப்படும் வஞ்சிரமும் அங்கே கௌரவ மீன்கள். அவற்றின் பக்கத்திலேயே செரி எனும் விளைமீனும், சாபி எனும் ஓராவும், நம் மத்தியும் கிடந்தன. விலையில் அவை எளியவை. சுவையில் எவ்விதத்திலும் தாழ்ந்தவை அல்ல.

அருகில் மீன் வாங்கிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், எங்கள் தயக்கத்தைக் கண்டு இந்துஸ்தானியில் பேச்சுக் கொடுத்தார். "ஹமூர் விருந்தாளிக்கு; வீட்டுக்கு செரி" என்று சிரித்தார். மச்பூஸ் என்னும் மீன் சோற்றைச் சமைக்கும் முறையையும் நின்றபடியே சொல்லிக் கொடுத்தார்.

முறை இதுதான். வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்க வேண்டும். 'பெஸார்' என்ற மசாலாப் பொடியைச் சேர்க்க வேண்டும். கொத்தமல்லி, சீரகம், மிளகு, பட்டை, மஞ்சள் முதலியன கலந்த பொடி அது. 'லூமி' எனும் உலர்ந்த எலுமிச்சையைத் துளையிட்டுப் போட்டு, நீர் விட்டு மீனை வேகவைக்க வேண்டும். வெந்த மீனை எடுத்து வைத்துவிட்டு, அச்சாற்றிலேயே அரிசியை வேகவிட வேண்டும். மீனைச் சிறிது எண்ணெயில் சிவக்க வறுத்துச் சோற்றின்மேல் வைத்துப் பரிமாற வேண்டும். புளிக்குப் பழகிய நம் நாக்குக்கு லூமியின் புளிப்பு அந்நியமாகத் தோன்றாது.

நிற்க, கணக்கு இது: செரி மீன் 2 கிலோ 40 திர்ஹம், செதில் நீக்கி வெட்டிய கூலி 4, அரிசி, காய், மசாலா, லூமி 16, ஆக 60 திர்ஹம். உண்டவர் நால்வர், ஆளுக்குப் பதினைந்து. கைமாற்றுக் கொடுத்த அன்பரும் எங்களுடன் அமர்ந்து உண்டார். அவர் பணம் அப்படியே அவரிடம் திரும்பிற்று.

இது ஏழைகளுக்கென்று செய்த மாற்று உணவன்று. அந்நாட்டின் பழைய உணவே இத்தகையதுதான். எண்ணெய் கிடைப்பதற்கு முன் அக்கரையோர மக்கள் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தனர். 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் முத்துத் தொழிலைச் சாய்த்தன. இருப்பதைக் கொண்டு உண்ணக் கற்றவர்கள் அவர்கள். மீனை உப்பிட்டு மாதக்கணக்கில் காக்கும் 'மாலிஹ்', உலர்ந்த சிறு மீனைப் பொடித்துச் சோற்றில் தூவும் 'சஹ்னா' ஆகியவை அச்சிக்கனத்தின் பிள்ளைகள். நம் கருவாட்டுக்கு உறவினர் என்றே சொல்லலாம்.

அவர்கள் பானையில் ஏறிய அரிசியும் மசாலாவும் நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து சென்றவை. 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1966இல் நம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னரே துபாய் மக்கள் அதைக் கைவிட்டனர்.

அங்கு செல்லும் அன்பர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். பெயர் பெற்ற மீனைத் தேடாமல் அன்று மலிவாக வந்த மீனைக் கேளுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்கள் செரிக்கும் சாபிக்கும் இனப்பெருக்கக் காலம்; அப்போது அவற்றைப் பிடிக்கத் தடை உண்டு, வேறு மீன் வாங்குங்கள். அடுப்பு வசதி இல்லாதவர், வாங்கிய மீனைச் சந்தையிலுள்ள கடையிலேயே கூலி கொடுத்துச் சுட்டு வாங்கலாம்.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். "தம்பி அனுப்பும் தொகையில் இனி மாதம் 60 திர்ஹம் குறையும். அதை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டு, மாதம் ஒரு நாள் தோழர்களுடன் மீன் சோறு உண்ண வேண்டும் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்" என்று குறித்தேன். ரூபாயில் பார்த்தால் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இழப்பு. அதை ஈடுகட்ட நான் மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கியிருக்கிறேன்.

அம்மாவின் பதில் ஒரே வரியில் வந்தது: "இத்தனை நாள் அவன் என்ன சாப்பிட்டான் என்று நாம் யாருமே கேட்கவில்லையே!"

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்.